வெளுத்த பவளம் செத்த பவளமா? கடல் கேள்வி பதில்

போன இதழில் பாயார் தீவைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், வாட்ஸ்அப்பில் கேள்விகள் குவிந்துவிட்டன. தூண்டில், இறால், மீன் விலை என்று வழக்கமாக வருகிற கேள்விகளையெல்லாம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டேன். இந்த மாதம் முழுக்கப் பவளம்தான். நான் ஆராய்ச்சியாளன் இல்லை, முக்குளிப்புப் படகுகளில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது பினாங்கு ஜெலுத்தோங்கில் உட்கார்ந்து எழுதுகிறவன். கண்ணால் பார்த்ததையும் படித்து உறுதிசெய்துகொண்டதையும் சொல்கிறேன்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு லங்காவி போய், அங்கிருந்து படகில் பாயார் தீவுக்குப் போனோம் அண்ணே. தண்ணீருக்குள் தலையை விட்டுப் பார்த்தால் பாதிப் பவளம் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை. படகுக்காரர் "எல்லாம் செத்துப் போச்சு, சூடு" என்றார். என் சின்னவள் அழுதேவிட்டாள். நிஜமாகவே செத்துவிட்டதா?
பட்டர்வொர்த் வாசகி

சின்னவளை அழவேண்டாம் என்று சொல்லுங்கள் தங்கச்சி, அதாவது இப்போதைக்கு. நீங்கள் பார்த்ததில் பெரும்பகுதி உயிரோடுதான் இருந்திருக்கும்.

பவளம் கல் இல்லை, செடியும் இல்லை, பிராணி. நம் ஊர்ப் படகுக்காரர்கள் பாத்து காராங் (மலாயில் பாத்து என்றால் கல்) என்று சொல்லிச் சொல்லி நமக்கும் அது கல்லாகவே பதிந்துவிட்டது. ஒரு மிளகு அளவுள்ள உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு, அடியில் சுண்ணாம்பை உறையவைத்துக் கட்டுகிற வீடுதான் நாம் பார்க்கிற பாறை. அந்த உயிரின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலை வாங்கிச் சர்க்கரை செய்து வீட்டுக்காரருக்குக் கொடுப்பது அந்தப் பாசிதான். பவளத்தின் சாப்பாட்டில் பெரும்பகுதி அப்படித்தான் வருகிறது, பழுப்பும் பச்சையுமாகத் தெரிகிற நிறமும் பெரும்பாலும் அதனுடையதே. தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் பாசியின் வேலை தாறுமாறாகி, அது வெளிவிடுகிற பொருள்கள் பவளத்துக்கே விஷமாகிவிடுகின்றன. வேறு வழியில்லாமல் பவளம் பாசியைத் துப்பிவிடுகிறது. அப்புறம் மிஞ்சுவது கண்ணாடி போன்ற சதையும் அதற்கடியில் தெரிகிற வெள்ளைச் சுண்ணாம்பும்தான். சமையற்காரரை அனுப்பிவிட்ட வீடு மாதிரி, ஆள் இருக்கிறார், பட்டினி கிடக்கிறார். சில வாரங்களில் தண்ணீர் குளிர்ந்தால் பாசி திரும்பக் குடியேறும், நிறம் வரும். குளிராவிட்டால் படகுக்காரர் சொன்னது உண்மையாகிவிடும்.

எவ்வளவு சூடு என்று கேட்டால் கணக்கு எளிதுதான். அந்த இடத்தில் வழக்கமாக அதிகம் கொதிக்கிற மாதத்தின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் 1 டிகிரி கூடி நாலு வாரம் நீடித்தால் வெளுக்கத் தொடங்கும், எட்டு வாரம் நீடித்தால் சாகத் தொடங்கும். வெறும் 1 டிகிரி! நம் வீட்டு ஏர்கானில் அதை யாரும் கவனிக்கக்கூட மாட்டோம். 2010-ல் இப்படித்தான் ஆனது, அந்த ஆண்டு ஜூலையில் தியோமான், ரெடாங், பாயார் பக்கம் சில முக்குளிப்பு இடங்களை அரசாங்கமே சில மாதங்களுக்கு மூடிவைத்தது. உலகம் முழுவதையும் ஒருசேரத் தாக்கிய வெளுப்புகளில் 1998-ல் வந்தது முதலாவது, 2010-ல் இரண்டாவது, 2014 முதல் 2017 வரை இழுத்தது மூன்றாவது. நாலாவது நடந்துகொண்டிருக்கிறது என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். நம் கிழக்குக் கரைத் தீவுகளும் அந்த வருஷம் வெளுத்தன.

அடுத்த முறை போகும்போது இதைச் செய்து பாருங்கள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பவளத்துக்கு ஒரு முழத் தூரத்தில் முகத்தை வைத்து அசையாமல் மிதங்கள். வெளுத்த பவளம் என்றால் மேற்பரப்பு வழவழவென்று ஈரப்பளபளப்போடு இருக்கும், சிறிய குழிகளுக்குள்ளிருந்து கண்ணாடி நூல் மாதிரி விரல்கள் எட்டிப்பார்க்கும். வெள்ளை மேலிருந்து தொடங்கி மெல்ல மெல்லப் பழுப்பில் கரையும். செத்தது என்றால் குழிகள் காலியாக, கழுவிக் கவிழ்த்த பணியாரச் சட்டி போல விளிம்பு கூராகத் தெரியும், நாலைந்து நாளில் அதன்மேல் பச்சை மசமசவென்று ஏறிவிடும். மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் முதலில் தேடுவேன். ஒரு பக்கம் நல்ல பழுப்பு, நடுவில் கத்தியால் கீறியது போல ஒரு கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் பளீர் வெள்ளை, அதற்கும் அப்பால் பச்சை, கடைசியில் அழுக்குச் சாம்பல். இது சூட்டின் வேலை இல்லை, நோய். கோடு நகர்ந்துகொண்டிருக்கிறது, வெள்ளைப் பட்டை எவ்வளவு அகலமோ அவ்வளவு வேகம் என்று அர்த்தம்.

அங்கங்கே பல்லால் சுரண்டியது போல வெள்ளைத் தழும்பு இருந்தால் பயப்படவேண்டாம், கிளிமீன் கடித்தது. உருண்டைப் பவளத்தில் ரோஸ் நிறப் புள்ளிகளோ மேடுகளோ இருந்தால், எதுவோ உறுத்துகிறது, பவளம் அதோடு மல்லுக்கட்டுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நமக்குக் கொசுக்கடி தடிப்பது மாதிரி.

பவளத்துக்கும் நோய் வரும் என்று எழுதியிருந்தீர்கள். வைரஸா, கிருமியா? கடலில் குளிக்கிற நமக்கு அது ஒட்டுமா சார்?
செந்தூல் வாசகர், கோலாலம்பூர்

நமக்கு ஒட்டுமா என்று கேட்கிறீர்கள். நம்மிடமிருந்து அதற்கு ஒட்டியிருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குளியலறை ஓட்டு இடுக்கில், ஷவர் திரைச்சீலை ஓரத்தில், தேய்க்காமல் விட்டால் ரோஸ் நிறத்தில் வழவழவென்று ஒரு படலம் பிடிக்கும் இல்லையா? பெரும்பாலும் அது செராஷியா மார்செசென்ஸ் என்ற பாக்டீரியா. மனிதக் குடலிலும் இருக்கும், மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குத் தொற்றையும் உண்டாக்கும். அமெரிக்காவின் ஃபுளோரிடா தீவுகளில் மான்கொம்பு மாதிரி கிளை விரிக்கிற ஒரு பவள இனத்தின்மேல் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்து சதை உரிந்துபோனது, அதற்கு வெள்ளை அம்மை என்று பேர் வைத்தார்கள். அதை உண்டாக்கிய கிருமி இந்தச் செராஷியாதான் என்று 2002-ல் கண்டுபிடித்தார்கள், மனிதக் கழிவுநீரிலிருந்து போன வகைதான் பவளத்தை நோயாக்குகிறது என்று 2011-ல் சோதனை செய்தே காட்டினார்கள். கால்நடையிலிருந்து மனிதனுக்கு நோய் வருவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். நம் கக்கூஸிலிருந்து கடலுக்குள் இருக்கிற ஒரு பிராணிக்குப் போன நோய் இது. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மற்ற நோய்களில் பழையது கரும்பட்டை நோய். 1973-ல் பெலீஸ், பெர்முடா பவளங்களில் முதலில் விவரித்தார்கள், இன்று நம் பக்கத்துக் கடல்கள் உட்பட எங்கும் உண்டு. கண்ணுக்கு மை தீட்டினது போல ஒரு கறுப்புக் கோடு பவளத்தைச் சுற்றி இருக்கும், அது ஒரே கிருமி இல்லை, நாலைந்து வகைப் பாக்டீரியாக்கள் பாய் பின்னினது போலச் சேர்ந்து கிடக்கின்றன. பாயின் அடியில் ஆக்சிஜன் தீர்ந்து, அழுகிய முட்டை நாற்றமடிக்கிற அந்தச் சல்ஃபைடு சேர்ந்து, அடியிலிருக்கும் சதையைக் கொன்றுகொண்டே நாளைக்குச் சில மில்லிமீட்டர் நகரும், வேகம் பிடித்தால் ஒரு சென்டிமீட்டர். நூறு வருஷம் வளர்ந்த உருண்டையை ஒரே சூட்டுக் காலத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும்.

இப்போது பெரிய பேச்சாக இருப்பது 2014-ல் மயாமிக்குப் பக்கத்தில் தொடங்கிய சதையிழப்பு நோய். இருபதுக்கும் மேற்பட்ட இனங்களைத் தாக்குகிறது, வந்தால் சில வாரத்தில் பவளத்தை முடித்துவிடுகிறது. 2018-ல் ஜமைக்கா, மெக்சிகோ, 2019 தொடக்கத்தில் அமெரிக்க வர்ஜின் தீவுகளின் செயின்ட் தாமஸ் என்று கரீபியன் முழுக்க ஏறியது. கப்பல்கள் ஆட்டமில்லாமல் நிற்க அடியில் நிறைத்துக்கொண்டு வருகிற நிலைப்புத் தண்ணீரில் ஏறிப் போயிருக்கலாம் என்ற சந்தேகமும் உண்டு. மருந்து? நமக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிற அதே அமாக்ஸிசிலினைப் பசையில் குழைத்து, முக்குளிப்பவர்கள் அடியில் போய் ஒவ்வொரு பவளத்தின் காய ஓரத்திலும் விரலால் பூசுகிறார்கள். பூசின இடத்தில் பெரும்பாலும் நின்றுவிடுகிறது, ஆனால் அதே பவளத்தில் வேறொரு இடத்தில் கிளம்பிவிடுகிறது. ஒரு வளைகுடாவில் எத்தனை ஆயிரம் பவளம், எத்தனை விரல்?

சூடும் நோயும் தனித்தனிக் கதை என்றும் நினைக்காதீர்கள். அதே வர்ஜின் தீவுகளில் 2005-ல் கடும் வெளுப்பு வந்தது. தண்ணீர் குளிர்ந்தது, பவளங்களுக்கு நிறம் திரும்பியது, எல்லாரும் மூச்சு விட்டார்கள். அதற்குப் பிறகுதான் வெள்ளைக் கொள்ளைநோய் என்ற பவள நோய் புகுந்தது, கண்காணித்துவந்த இடங்களில் உயிருள்ள பவளப் பரப்பில் ஏறக்குறைய 60 விழுக்காடு போய்விட்டது. டெங்கிக் காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனமாக இருக்கவேண்டும் என்று நம் வீட்டில் சொல்வார்களே, அதேதான்.

உங்கள் கேள்விக்கும் பதில் சொல்லவேண்டுமே: பவள நோய் நமக்கு ஒட்டாது. பவளத்தில் காலைக் கீறிக்கொண்டால் அந்தப் புண் மட்டும் லேசில் ஆறாது, உடனே நன்றாகக் கழுவுங்கள்.

பினாங்கில் நம் பத்து ஃபெரிங்கிக் கடற்கரையில் ஏன் பவளம் இல்லை? தாய்லாந்தில் இருக்கிறது, லங்காவிப் பக்கம் இருக்கிறது, நடுவில் நாம் என்ன பாவம் செய்தோம்?
தஞ்சோங் பூங்கா வாசகர்

சேறு. பாயார் போகிற வழியில் தண்ணீரின் நிறம் தே தாரேக்கிலிருந்து பச்சைக்கு மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். மூடா ஆறும் பிறை ஆறும் கொண்டுவந்து கொட்டுகிற வண்டல், ஆழமில்லாத நீரிணை, அலை வந்து வந்து அதைக் கலக்கிவிடுகிறது. பாசிக்கு வெளிச்சம் வேண்டும், பவளத்துக்கு மேலே விழுகிற மண்ணைத் துடைத்துத் தள்ளச் சக்தி வேண்டும், இரண்டும் இல்லாத இடத்தில் பாறை எழும்பாது. இதில் பாவம் எதுவும் இல்லை, ஊர் அமைப்பே அப்படி. ஆனால் இருக்கிற சேற்றோடு மேலும் சேற்றைக் கிளறிவிடுவது வேறு விஷயம். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு துறைமுகத்துக்காகக் கடலடியைத் தோண்டினபோது, கலங்கல் நீண்ட நாள் தங்கிய இடங்களில் பவள நோய் இரண்டு மடங்கு இருந்ததை 2014-ல் எழுதினார்கள். மண் நிரப்பித் தீவு எழுப்புகிற நம் ஊர்க்காரர்கள் இதை ஒருமுறை படித்தால் தேவலை. இதில் நான் ஒரு பக்கம் சாய்ந்தவன்தான், மறைக்கவில்லை.

பினாங்கில் நம்மிடம் இருப்பது கடற்புல். முதல் பாலத்துக்குப் பக்கத்தில் மிடல் பேங்க் என்கிற திட்டில், தண்ணீர் நன்றாக வற்றுகிற நாளில் பச்சையாகத் தெரியும். புல்தானே என்று விடாதீர்கள். இந்தோனேசியாவின் சுலாவேசி பக்கத்துத் தீவுகளில் 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், கடற்புல் படுகை இருக்கிற இடத்துத் தண்ணீரில் நோய்க்கிருமிகள் பாதியாகக் குறைந்திருந்தன, பக்கத்துப் பவளங்களிலும் நோய் அதேபோலப் பாதிதான். அந்த ஆய்வு செய்தவர்களே ஆரம்பத்தில் தீவுத் தண்ணீரால் வயிற்றுப்போக்கு வந்து படுத்ததிலிருந்துதான் இந்தக் கேள்வியே பிறந்ததாம்.

செவ்வாய் தோஷத்துக்குப் பவள மோதிரம் போடச் சொல்கிறார்கள். அதுவும் இந்தப் பாறையை உடைத்து எடுப்பதா?
பூச்சோங் வாசகி

இல்லை. நகைக்கடைப் பவளம் வேறு இனம், மத்தியதரைக் கடல் போன்ற இடங்களில் பாறை இடுக்கிலும் ஆழத்திலும் வளர்வது. அதற்குள் பாசி கிடையாது, வெயிலும் வேண்டாம், சிவப்பு அதன் எலும்பிலேயே இருக்கிறது. மிக மெதுவாக வளர்வதால் அதையும் ஏகத்துக்கு அள்ளிவிட்டார்கள் என்பது தனிக்கதை. தோஷத்தைப் பற்றி இந்தப் பகுதியில் பதில் கிடையாது, அடுத்த பக்கத்து ஜோசியரிடம் கேளுங்கள்.

சன்ஸ்கிரீன் பூசினால் பவளம் சாகும் என்கிறார்களே, உண்மையா?
சுங்கை பட்டாணி வாசகர்

ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற இரண்டு பொருள்களைச் சந்தேகிக்கிறார்கள். இவை கலந்த சன்ஸ்கிரீனை ஹவாய் 2021 முதல் விற்கத் தடை செய்தது, தாய்லாந்தும் அதே ஆண்டில் தன் கடல் தேசியப் பூங்காக்களுக்குள் தடுத்தது. என்னைக் கேட்டால், சூடும் கழிவுநீரும் செய்கிற அழிவுக்கு முன்னால் இது சின்ன விஷயம். ஆனாலும் முந்நூறு பேர் ஒரே சின்ன வளைகுடாவில் இறங்குகிற நாளில் சின்ன விஷயம் என்று விடவும் முடியாது. கைநீளச் சட்டை போட்டுக்கொண்டு இறங்குங்கள், முகத்துக்கு மட்டும் பூசினால் போதும், தீர்ந்தது.

கூட்டம் என்று சொன்னதால் ஒன்று. தாய்லாந்தின் கோ தாவ் தீவில் எண்ணிப் பார்த்தார்கள், சுற்றுலாக்காரர்கள் மொய்க்கிற இடங்களில் பவள நோய் மற்ற இடங்களைவிட மூன்று மடங்கு. துடுப்பு இடிக்கிறது, மண் கிளம்புகிறது, கிளை ஒடிகிறது, ஒடிந்த இடம் வழியாகக் கிருமி புகுகிறது. பிளாஸ்டிக்கும் அப்படித்தான். ஆசியா பசிபிக் வட்டாரத்தில் 159 பவளத்திட்டுகளைப் பார்த்த ஓர் ஆய்வில், பிளாஸ்டிக் படாத பவளத்துக்கு நோய் வரும் வாய்ப்பு 4 விழுக்காடு, பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டதற்கு 89 விழுக்காடு. நாசி லெமாக் கட்டின பையை நானே ஒருமுறை கிளைப் பவளத்திலிருந்து பிரித்து எடுத்திருக்கிறேன். சம்பல் கறை போயிருந்தது, முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது, அதன் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் பவளம் வெள்ளை.

எங்கள் கம்பெனியில் சமூக சேவை என்று சொல்லி ஒரு தீவில் பவளம் நடப் போகிறோம். ஆளுக்கு ஒரு பவளம், பேர் எழுதிய பலகை, போட்டோ. நல்ல காரியம்தானே?
பெட்டாலிங் ஜெயா வாசகர்

கெட்ட காரியம் இல்லை. ஆனால் போட்டோ எடுத்துவிட்டு வருவதற்கு முன்னால் அந்தத் தீவு விடுதிகளின் கக்கூஸ் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள். பதில் சொல்கிறவர் முகம் மாறினால் புரிந்துகொள்ளலாம்.

ஹவாயில் கனியோஹே என்று ஒரு வளைகுடா. பல வருஷம் ஊர்க் கழிவுநீர் முழுக்க அதற்குள்தான் போனது, உரம் போட்டது போலப் பச்சைப் பாசி (பவளத்துக்குள் குடியிருக்கிற பாசி இல்லை, இது வேறு) குமிழ் குமிழாகக் கிளம்பிப் பவளத்தை மூடிவிட்டது. 1977, 78-ல் குழாயை இழுத்து ஆழ்கடலுக்குத் திருப்பிவிட்டார்கள். யாரும் பெரிதாகப் பவளம் நடவில்லை, தண்ணீர் தெளிந்தது, பாசி குறைந்தது, சில வருஷத்தில் பவளம் தானாகத் தலைதூக்கியது. இன்னொரு பக்கம் ஜமைக்காவின் டிஸ்கவரி பே. அங்கே மீனை வலைபோட்டு அரித்துவிட்டார்கள், பாசி மேய்வதற்குக் கறுப்புக் கடல் முள்ளெலி மட்டும்தான் மிச்சம். 1980-ல் ஆலன் புயல் பவளத்தை நொறுக்கியது, 1983-ல் கரீபியன் முழுக்க அந்த முள்ளெலிக்கும் ஒரு கொள்ளைநோய் வந்து பத்தில் ஒன்பதுக்கு மேல் செத்தது. மேய ஆளில்லை. ஜமைக்காவின் கரைகளில் பாதிக்கு மேல் மூடியிருந்த பவளம் பத்துப் பதினைந்து வருஷத்தில் 5 விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது, மிச்ச இடமெல்லாம் பாசிக்காடு. அந்த இடத்தில் ஆளுக்கு ஒன்று நட்டிருந்தால் ஆளுக்கு ஒன்று செத்திருக்கும், பேர்ப் பலகை மட்டும் நின்றிருக்கும்.

நடுகிறீர்களா, நடுங்கள். ஆறு மாதம் கழித்து யார் போய்ப் பார்ப்பது என்று இப்போதே ஓர் ஆளை நியமியுங்கள்.

நான் படிவம் ஆறு மாணவி. நீந்தத் தெரியும், கடல் ஆராய்ச்சி படிக்க ஆசை. இப்போதே ஏதாவது செய்ய முடியுமா அங்கிள்?
நிபோங் திபால்

முடியும் கண்ணு. முதலில் முக்குளிப்புச் சான்றிதழ், பிறகு ரீஃப் செக் மலேசியா நடத்துகிற பயிற்சி. 2007-லிருந்து அவர்கள் வருஷா வருஷம் நம் தீவுகளில் கணக்கெடுக்கிறார்கள், தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். நூறு மீட்டர் அளவுநாடாவை அடியில் விரித்து, அதில் இருபது இருபது மீட்டராக நாலு துண்டில், ஒவ்வொரு அரை மீட்டருக்கும் நாடாவுக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று எழுதவேண்டும்: கடினப் பவளமா, மென்பவளமா, மணலா, சேறா, அண்மையில் செத்ததா. பிளாஸ்டிக் சிலேட்டில் பென்சிலால் எழுதுவது. கேட்க அலுப்பான வேலை, ஆனால் மேலே நான் சொன்ன விழுக்காடுகளெல்லாம் இந்த மாதிரி அலுப்பான வேலையிலிருந்து வந்தவைதான். படிப்புக்கு வெளியூர் தேடவேண்டியதில்லை, தெலுக் பாஹாங்கில் தேசியப் பூங்காவுக்குள் தெலுக் அலிங்கில் யுஎஸ்எம் என்கிற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையம் இருக்கிறது. கடிதம் எழுதிக் கேட்டுவிட்டு ஒரு நாள் போய்ப் பார்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் அப்பா கடலிலிருந்து கொண்டுவந்த பவளத் துண்டு ஒன்று எங்கள் வீட்டுச் சாமி மேடையில் இருக்கிறது. இதையெல்லாம் படித்தபின் குற்ற உணர்வாக இருக்கிறது. திரும்பக் கடலில் போட்டுவிடட்டுமா?
ஆயர் ஈத்தாம் வாசகி

போடாதீர்கள் அக்கா. அது எப்போதோ செத்த எலும்பு, போட்டால் முளைக்காது. அப்பாவின் ஞாபகமாக இருக்கட்டும். இன்றைக்குப் போய்ப் புதிதாக எடுக்கக்கூடாது, அவ்வளவுதான். கடல் பூங்காத் தீவுகளைச் சுற்றி 2 கடல் மைல் வரைக்கும் பவளம் எடுப்பது சட்டப்படி குற்றம், கரையில் ஒதுங்கிக் கிடக்கிற துண்டையும் விட்டுவைப்பதே நல்லது, ஒதுங்கினதுதான் நாளைக்குப் பொடியாகி மணலாகிறது. எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. என் பாட்டி அதால்தான் குதிகால் தேய்ப்பார், ஒரு பக்கம் தேய்ந்து வழுவழுவென்று சோப்புக் கட்டி மாதிரி ஆகிவிட்டது. குளியலறைச் சன்னலில் இன்னும் கிடக்கிறது, பக்கத்திலேயே அந்த ரோஸ் படலமும்தான்.